வீடு மலிவு சரி, இரண்டாவது வேலை உண்டா?

வாசகர் கேள்வி–பதில்: அமெரிக்கத் தென்மாநிலச் சிறு நகரங்கள்

நியூ ஜெர்சியில் எச்-1பி வேலை விசாவில், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். வாடகை கட்டுப்படியாகவில்லை. டென்னசியின் சட்டனூகாவுக்குக் குடிபோகலாமா? மேலாளர் சம்மதித்துவிட்டார்.

மேலாளர் சம்மதம் மட்டும் போதாது. எச்-1பி மனுவில் பணியிடத்தின் முகவரி இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை என்றால் அந்த வீடுதான் பணியிடம். வேறு பெருநகர வட்டாரத்துக்கு மாறுவதென்றால், நிறுவனம் தொழிலாளர் துறையிடம் புதிய எல்.சி.ஏ. (சம்பளம், பணிநிலை பற்றிய நிறுவனத்தின் உறுதிமொழிக்கான சான்று) வாங்கி (வழக்கமாக 7 வேலை நாள்), திருத்திய மனுவைக் குடியேற்றத் துறையில் தாக்கல் செய்ய வேண்டும். மனு போய்ச் சேர்ந்ததும் புதிய ஊரில் வேலையைத் தொடங்கலாம். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சாமான் லாரி கிளம்புமுன் மனு போயிருக்க வேண்டும். முதலில் போய்விடுவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால், விசா நீட்டிப்பின்போது அந்தத் தவறு வந்து நிற்கும். டென்னசியில் சம்பளம் கொடுக்க நிறுவனம் பதிவு செய்திருக்கிறதா என்றும் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஊர் நல்ல ஊர். நகரத்தின் மின் நிறுவனமான இ.பி.பி. 2010-லேயே தன் எல்லை முழுக்க ஒரு கிகாபிட் இணையம் கொடுத்தது. சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. அந்த வரவில் ஒரு பகுதி கடையில் போய்விடும்: விற்பனை வரி 9.25%, அரிசி பருப்புக்கும் 6.25%. நியூ ஜெர்சியில் மளிகைக்குப் பெரும்பாலும் வரி இல்லை என்பதால் இந்தச் செலவு உங்களுக்குப் புதிது. இரண்டு காரும் வேண்டியிருக்கும். பேருந்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. வேலை போனால் உங்களுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள். நாட்டில் தங்க அனுமதித்த காலத்தைக் காட்டும் ஐ-94 பதிவு அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். அதற்குள் அந்த ஊரில், உங்கள் துறையில், விசா எடுத்துத்தர எத்தனை நிறுவனங்கள் இருக்கின்றன? ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பெயர் எழுதிப் பாருங்கள். ஐந்து தேறவில்லையென்றால் தயவுசெய்து வீடு வாங்காதீர்கள், வாடகைக்கு இருங்கள். பெருநகரமான அட்லாண்டா ஐ-75 நெடுஞ்சாலை வழியே 2 மணி நேரம். வாரம் ஒருநாள் போய்வரலாம், தினமும் முடியாது.

கணவருக்கு அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் வேலை. நானும் பொறியாளர், எச்-4 (துணைவர் விசா) வேலை அனுமதி உண்டு. விண்வெளி ஊர் என்பதால் எனக்கும் எளிதில் கிடைக்குமா? டொர்னாடோ சுழல்காற்றை நினைத்தால் பயமாக இருக்கிறது.

நாசாவின் மார்ஷல் மையமும் ரெட்ஸ்டோன் ராணுவ வளாகமும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் பாதுகாப்புத் துறை வேலைகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே. விளம்பரத்தில் 'கிளியரன்ஸ்' (அரசு தரும் பாதுகாப்பு அனுமதி) என்ற சொல் இருந்தால் அதைத் தள்ளிவிடுங்கள். மஸ்டா-டொயோட்டா ஆலை, அதன் உதிரிபாக நிறுவனங்கள், மருத்துவமனைகள், பல்கலைக்கழகம் இவற்றில் தேடுங்கள்.

பயம் நியாயமானது. 2011 ஏப்ரல் 27 அன்று ஒரே நாளில் அலபாமாவில் 60-க்கும் மேற்பட்ட டொர்னாடோக்கள் வீசின. உயர்மின் கம்பிகள் சாய்ந்து ஹன்ட்ஸ்வில் பகுதி நாள்கணக்கில் இருளில் கிடந்தது. வசந்த காலம் மட்டுமல்ல, நவம்பரும் ஆபத்தான மாதம், இரவிலும் வரும். தெருவில் ஒலிக்கும் சைரன் வெளியில் இருப்பவர்களுக்கானது, ஏ.சி. ஓடும் படுக்கையறைக்கு அது கேட்காது. ஆகவே மின்கல வசதியுள்ள வானிலை ரேடியோ ஒன்று வாங்கி, உங்கள் கவுன்ட்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) குறியீட்டை அதில் பதிந்து படுக்கையருகே வையுங்கள். கைபேசி எச்சரிக்கையை அணைத்துவைக்காதீர்கள். வீடு பார்க்கும்போதே கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத நடு அறை எது என்று பாருங்கள். ஆலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் மொபைல் ஹோமில் அப்படி ஓர் இடமே கிடையாது. அதில் இருப்பவர்கள், டொர்னாடோ வரக்கூடும் என்ற முன்னறிவிப்பு வந்ததுமே, எச்சரிக்கை வருமுன் அருகிலுள்ள பொதுப் புகலிடத்துக்குப் போய்விட வேண்டும்.

தென் கரோலினாவின் கிரீன்வில்லில் 1970-களில் கட்டிய வீடு ஒன்று பிடித்திருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

கூடத்தை விட்டுவிட்டு முதலில் தரைக்கு அடியில் பாருங்கள். அந்தக் கால வீடுகள் பலவற்றில் தளத்துக்கும் மண்ணுக்கும் நடுவே இரண்டு மூன்று அடி இடைவெளி இருக்கும், கிரால் ஸ்பேஸ் என்பார்கள். கோடையில் ஈரக் காற்று அதன் துளைகள் வழியே உள்ளே போய், ஏ.சி. குழாய்கள்மேல் பட்டுத் தண்ணீராகும். அதனால் மரம் ஊறி, பூஞ்சை பிடித்து, கடைசியில் கரையான் வரும். மண்மேல் குறைந்தது 6 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கன பாலித்தீன் விரிப்பு, ஒட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இடைவெளியில்லாமல் இருக்க வேண்டும். துளைகளை அடைத்து, ஈரம் உறிஞ்சும் கருவி வைத்து, ஈரப்பதத்தை 50–55 சதவீதத்தில் நிறுத்துவது இன்னும் நல்லது. விரிப்பு மட்டும் போட்டுத் துளைகளைத் திறந்தே விட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும்.

கரையானுக்கு ஆண்டு ஒப்பந்தம் உண்டு, டெர்மைட் பாண்ட் என்பது அதன் பெயர். அதில் இரண்டு வகை: மறுபடி மருந்து மட்டும் அடிப்பது ஒன்று, அரித்த மரத்தையும் சரிசெய்து தருவது இன்னொன்று. இரண்டாவதை வாங்குங்கள். விற்பவரிடம் ஏற்கெனவே இருந்தால் உங்கள் பெயருக்கு மாறுமா என்று கேளுங்கள். சுவரை ஒட்டி மரச்சில்லு (மல்ச்) குவித்திருந்தால் அகற்றச் சொல்லுங்கள்.

இனி வரி. விற்பவர் காட்டும் ரசீதை வைத்து மாதத் தவணையைக் கணக்குப் போடாதீர்கள். வீடு கைமாறியதும் மதிப்பு மறுபடி நிர்ணயமாகும். சொந்தமாகக் குடியிருப்பவருக்கு வீட்டு மதிப்பின் 4 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கு வரி போடுவார்கள், மற்றவர்களுக்கு 6 சதவீதத்தை. 4 சதவீதச் சலுகை தானாக வராது, கவுன்ட்டி அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதோடு பள்ளி நடத்தும் செலவுக்கான வரியிலிருந்தும் விலக்கு கிடைப்பதால், மறந்துவிட்டால் இழப்பு பெரியது. காருக்கும் ஆண்டுதோறும் சொத்து வரி உண்டு.

சைவ உணவுக்கு வழி உண்டா?

வீட்டில் குறையே இருக்காது. வெண்டையும் தட்டைப்பயறும் அந்த மண்ணின் சாப்பாடு, எந்தக் கடையிலும் கிடைக்கும். இட்லி அரிசி, உளுந்து மாதிரியானவற்றை அட்லாண்டா போகும்போது மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவிடுங்கள். உணவகத்தில்தான் கவனம் வேண்டும். கீரை, பீன்ஸ், தட்டைப்பயறு மூன்றையும் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பது அங்கே வழக்கம். "இறைச்சி உண்டா?" என்று கேட்டால் "இல்லை, வெறும் கீரைதான்" என்ற பதில் வரலாம், சுவைக்குப் போடுவதை அவர்கள் இறைச்சியாக எண்ணுவதில்லை. "எதில் வேகவைத்தீர்கள்?" என்று கேளுங்கள்.