பிரைமர் குழியைத் தயார் செய்வது: கேள்வி பதில்

டெக்சாஸுக்குக் குடிவந்த பிறகு இலக்குச் சுடுதலில் இறங்கி, 18 ஆண்டுகளாகச் சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை வீட்டிலேயே மறுபடி நிரப்பி வருகிறேன். இன்றைக்குக் கூட்டின் அடியில் பிரைமர், அதாவது மருந்துக்குத் தீமூட்டும் சிறு மூடி, அமரும் குழியைப் பற்றி மட்டும் பேசலாம். வெடிமருந்தின் அளவைக் கேட்காதீர்கள். அதற்கு அச்சிட்ட கையேடு இருக்கிறது.

கே: ஐயா, குழியில் படியும் கரியை ஒவ்வொரு முறையும் சுரண்ட வேண்டுமா?

ப: பிரைமருக்குள் மூன்று கால்களோடு ஒரு சிறு தகடு இருக்கிறது, அதை அன்வில் என்கிறோம். அந்தக் கால்கள் குழியின் தரையை ஊன்றி நின்றால்தான், துப்பாக்கியின் ஊசி வந்து அடிக்கும்போது நடுவிலுள்ள வெடிகலவை நசுங்கித் தீப்பிடிக்கும். கரி தரை முழுவதும் சீராகப் படிவதில்லை. சுவரும் தரையும் சேரும் மூலையில்தான் சாம்பல் நிறத்தில் கெட்டிப்பட்டு நிற்கும். அதன்மேல் பிரைமரை அமர்த்தினால் கைக்கு அமர்ந்ததுபோலவே தோன்றும்; ஆனால் முதல் அடியின் விசை பிரைமரைக் கீழே தள்ளுவதிலேயே செலவாகி, தோட்டா வெடிக்காமல் நின்றுவிடும். அதே தோட்டா இரண்டாவது அடியில் வெடித்தால், பழி பிரைமருக்கு அல்ல, அதை அமர்த்தியவருக்கே.

ஆகவே குழி பளபளக்க வேண்டியதில்லை. தரை தெரிந்தால் போதும். அமர்ந்த பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் வரை உள்ளே இருக்க வேண்டும். ஏறக்குறைய ஓர் எழுதுதாளின் கனம். ஒவ்வொரு தோட்டாவின் அடியையும் விரலால் தடவிப் பாருங்கள். விரலில் தட்டினால் அதைத் தனியே வையுங்கள்.

கே: முப்பது ஆண்டுகளாக 9 மி.மீ., .45 கைத்துப்பாக்கித் தோட்டாக்களை நிரப்புகிறேன். ஒரு குழியைக்கூடச் சுரண்டியதில்லை. ஒன்றும் ஆகவில்லையே?

ப: ஆகாதுதான். கைத்துப்பாக்கிக் கூடுகளில் நானும் சுரண்டுவதில்லை. அடுத்த முறை பிரைமரை அமர்த்தும் அழுத்தத்திலேயே கரி பெரும்பாலும் நொறுங்கிவிடுகிறது. ஆனால் அந்த அனுபவத்தை அப்படியே ஏ.ஆர்.-15, எம்-1 கேரண்ட் போன்ற அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுக்குக் கொண்டுபோகாதீர்கள். அவற்றின் ஊசியைப் பிடித்து நிறுத்தச் சுருள்வில் கிடையாது; தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் விரைந்து மூடும்போது ஊசி தன் வேகத்தில் முன்னால் போய்ப் பிரைமரை லேசாகத் தொடும். பிரைமர் துருத்திக்கொண்டிருந்தால், விசையை யாரும் தொடாமலே வெடிக்கக்கூடும்.

கே: (மேலே கேட்டவரே) அது தொழிற்சாலைத் துப்பாக்கியின் குறை. கரியைக் குற்றம் சொல்வானேன்?

ப: அது குறையன்று, அமைப்பே அப்படித்தான். அதை அறிந்துதான் சி.சி.ஐ. நிறுவனம் ராணுவ வகைத் துப்பாக்கிகளுக்கென எளிதில் வெடிக்காத 34, 41 ஆகிய எண்களில் பிரைமர் செய்கிறது. அந்தப் பிரைமரும் துருத்திக்கொண்டிருந்தால் பயனில்லை. சுரண்டுவதா வேண்டாமா என்பதில் நீங்கள் வென்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள். விரலால் தடவிப் பார்ப்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கே: நானும் இந்த வாதத்தில் சேரலாமா? குழிகளை ஒரே ஆழத்துக்கு வெட்டிச் சீராக்கினால் குறி கூடும் என்கிறார்களே?

ப: பெரிய ரைபிள் பிரைமருக்கான குழியின் ஆழம் 0.125 முதல் 0.132 அங்குலத்துக்குள் இருக்கலாம். மலிவான கூடுகளில் தரை சற்றே கிண்ணம்போல் வளைந்திருக்கும். கார்பைடு வெட்டியை ஒரு முறை சுழற்றினால் முதலில் ஓரத்திலிருந்துதான் மெல்லிய பித்தளைச் சுருள் வரும். அதைப் பார்க்கும்போது, வேலை நடக்கிறது என்று மனத்துக்கு நிறைவாக இருக்கும். நல்ல கூடுகளில் அந்தச் சுருளே வராது. 1000 கெஜத்தில் போட்டியிடுபவர் செய்யட்டும். 100 கெஜத்தில் தகரத்தை அடிப்பவருக்கு அது பொழுதுபோக்கு.

கே: ராணுவக் கூடுகளில் புதுப் பிரைமர் நுழையவே மாட்டேன் என்கிறது. குழி சிறியதா?

ப: குழி சிறியதன்று, அதன் வாய் நெரிக்கப்பட்டிருக்கிறது. அடியில் எல்.சி. என்ற எழுத்துகளும் வட்டத்துக்குள் ஒரு சிலுவைக் குறியும் இருந்தால், அது மிசூரி மாநிலத்தில் 1941இல் தொடங்கிய லேக் சிட்டி ஆலையின் கூடு. பிரைமர் கழன்று பொறிக்குள் விழாமலிருக்க, ஆலையிலேயே குழியின் விளிம்பை உள்நோக்கி நெரித்துவிடுகிறார்கள். அதைக் கிரிம்ப் என்கிறோம். அதை நீக்காமல் அழுத்தினால் பிரைமரின் ஓரம் மடிந்து சாய்வாக இறங்கும். அழுத்தத்தைக் கூட்டுவது அறிவீனம். உங்கள் கையில் இருப்பது வெடிபொருள். நிறுத்துங்கள்.

நீக்க இரண்டு வழிகள் உண்டு. வெட்டியால் விளிம்பைச் சீவலாம். ஆழமாகச் சீவினால் பிரைமரைப் பிடிக்கும் சுவர் குறைந்துவிடும். சுவேஜ் கருவியால் உலோகத்தை வெளியே தள்ளலாம்; அதில் கூட்டுக்குள்ளிருந்து ஒரு தண்டு அடித்தட்டைத் தாங்குவதால், தட்டின் கனம் மாறினால் அழுத்தமும் மாறும். ஆகவே ஒரே முத்திரையுள்ள கூடுகளாகப் பிரித்துக்கொண்டு தொடங்குங்கள். நான் சுவேஜ் செய்பவன். ஒரு முறை நீக்கிவிட்டால் அந்தக் கூட்டின் ஆயுள் முழுவதற்கும் போதும்.

கே: கூடுகளை நீரோடு சுழற்றிக் கழுவும் ஈர டம்ளர் இயந்திரத்தில் எஃகு ஊசிகளோடு போட்டால் குழியும் சுத்தமாகுமா?

ப: ஆகும், ஆனால் பழைய பிரைமரை முதலில் கழற்றிவிட வேண்டும். பிறகு முழுவதும் உலர வேண்டும், ஏனெனில் தீத்துளையில் (குழியிலிருந்து மருந்துக்குத் தீ செல்லும் துளை) தங்கும் ஒரு சொட்டு நீர் பிரைமரைக் கெடுக்கப் போதும். கழுவிய கறுப்பு நீரில் ஈயம் இருக்கிறது. சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

கே: லாபுவா நிறுவனத்தின் சிறு பிரைமர் .308 கூட்டில், பழைய பிரைமரைக் கழற்றும் ஊசி சிக்கிக்கொண்டது.

ப: அந்தக் கூட்டின் தீத்துளை 1.5 மி.மீ. மட்டுமே, வழக்கமான துளை சுமார் 2 மி.மீ. மெல்லிய ஊசியை வாங்குங்கள், துளையைப் பெரிதாக்காதீர்கள்.

கே: என் கூட்டில் நடுத்துளை இல்லை, இரண்டு சிறு துளைகள் இருக்கின்றன.

ப: அது பெர்டன் வகை. அமெரிக்கரான பெர்டனின் முறை ஐரோப்பாவில் பரவியது, ஆங்கிலேயரான பாக்ஸரின் ஒற்றை நடுத்துளை முறை அமெரிக்காவில் நிலைத்தது, விந்தைதான். அந்தக் கூட்டைப் பழைய பித்தளைக்குப் போடுங்கள்.

கே: .22 கூட்டின் குழியை எப்படிச் சுத்தம் செய்வது?

ப: அதற்குக் குழியே கிடையாது. கலவை விளிம்புக்குள் இருக்கிறது.

கே: கரியை ஒவ்வொரு முறையும் நீக்க வேண்டுமா?

ப: முதல் கேள்வியின் பதிலைப் படியுங்கள்.

கே: மதுரையில் இருக்கிறேன். இங்கே இதைச் செய்யலாமா?

ப: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். வழக்கறிஞரைக் கேளுங்கள், என்னை அல்ல.

கே: பிரைமர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் நழுவி உள்ளே போகிறது. பசை தடவலாமா?

ப: கூடாது. மிகை அழுத்தத்தில் அல்லது பல முறை சுட்டதில் குழி விரிந்துவிட்டது. பிரைமரை மெதுவாக, கண்ணாடி அணிந்துகொண்டு வெளியே தள்ளுங்கள். பிறகு கூட்டின் வாயை இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போடுங்கள். நசுக்காமல் ஒதுக்கிவைத்த கூடு அடுத்த மாதம் எப்படியோ நல்ல கூடுகளின் டப்பாவுக்குத் திரும்பிவிடுகிறது. என் மேசையிலேயே இருமுறை திரும்பியிருக்கிறது.