அத்லெடிக் ட்ரெயினர் வேலை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) இறுதியாண்டு படிக்கிறேன். அமெரிக்கக் கல்லூரி அணிகளில் அத்லெடிக் ட்ரெயினராக விருப்பம். என் பட்டம் போதுமா?
– மாணவி, கோவை

பதில்: போதாது. அங்கே பிசியோதெரபி வேறு, இது வேறு. ஜிம் ட்ரெயினரோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது மருத்துவரின் வழிகாட்டுதலில் விளையாட்டு வீரர்களுக்குச் செய்யும் மருத்துவப் பணி. இந்தத் துறைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் சி.ஏ.ஏ.டி.இ. அமைப்பின் அங்கீகாரம் பெற்ற முதுநிலைப் படிப்பு, பெரும்பாலும் இரண்டு ஆண்டு, முடித்தபின் பி.ஓ.சி. என்ற சான்றிதழ் வாரியத்தின் தேர்வு எழுத வேண்டும். பிறகு மாநில உரிமம். உரிமமே கேட்காத மாநிலம் கலிபோர்னியா மட்டும். உடற்கூறியல், உடலியங்கியல் உங்களிடம் இருக்கும். வேதியியல், இயற்பியல் ஆகியவற்றையும் கல்லூரி அளவில் கேட்பார்கள். விண்ணப்பிக்கும் முன் உங்கள் மதிப்பெண் பட்டியலை நீங்கள் சேர விரும்பும் பல்கலைக்கழகத் துறைக்கு அனுப்பிச் சரிபாருங்கள். அங்கே வேலை பார்க்க வெளிநாட்டவருக்குத் தரும் எச்-1பி விசாவுக்கு உள்ள ஆண்டு எண்ணிக்கை வரம்பு பல்கலைக்கழகங்கள் நேரடியாக எடுக்கும் வேலைகளுக்குக் கிடையாது. கல்லூரி வேலையைக் குறிவைப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

கேள்வி: வெயிலில் சுருண்டு விழுந்த வீரரை அங்கே ஆம்புலன்ஸில் ஏற்றாமல் ஐஸ் தண்ணீரில் இறக்குகிறார்களாமே? அது சரியா?
– உடற்கல்வி ஆசிரியர், திருச்சி

பதில்: மிகச் சரி. ஆம்புலன்ஸுக்கு உடனே போன் செய்ய வேண்டும். ஆனால் உடல் குளிர்ந்த பிறகே ஏற்ற வேண்டும். பேச்சுக் குழறல், தடுமாற்றம், காரணமில்லாத கோபம் இவற்றோடு உடலின் உள்வெப்பம் 40.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது ஹீட் ஸ்ட்ரோக் (உயிருக்கே ஆபத்தான வெப்பத் தாக்கு). நெற்றியிலும் அக்குளிலும் வைக்கும் தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டி ஏமாற்றும். ஆசனவாய் வழியாக அளப்பதையே நம்பலாம்.

பயிற்சி தொடங்கும் முன்பே தொட்டியில் பாதிக்குத் தண்ணீர், பக்கத்தில் ஐஸ் பெட்டிகள் தயாராக இருக்க வேண்டும். ஆள் விழுந்தபின் ஐஸ் தேடி ஓடினால் நேரம் போய்விடும். கழுத்து வரை இறக்கி, அக்குளுக்கடியில் துண்டு கொடுத்து ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் தலை மூழ்கும். தண்ணீர் 15 டிகிரிக்குள் இருக்கட்டும். அதைக் கலக்கிக்கொண்டே இருங்கள். அசையாமல் விட்டால் உடலை ஒட்டிய நீர் சூடாகி, குளிர்விப்பது மந்தமாகும். ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி இறங்கும். 38.9 வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள்; தாமதித்தால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். விழுந்த அரை மணி நேரத்துக்குள் இது முடிந்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

2018-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் ஜோர்டன் மெக்நேர், 19 வயது, பயிற்சியில் ஹீட் ஸ்ட்ரோக் வந்து இறந்தார். அவருடைய உடல் வெப்பத்தை அளக்கவும் இல்லை, ஐஸ் தொட்டியில் இறக்கவும் இல்லை. ஒரு தொட்டி ஐஸ் தண்ணீர் தடுத்திருக்கக்கூடிய சாவு இது. மனது ஆறவில்லை.

கேள்வி: தலையில் அடிபட்டவரைக் கோச் திரும்ப இறக்கச் சொன்னால் ட்ரெயினர் மறுக்க முடியுமா?
– வாசகர், மதுரை

பதில்: மறுத்தே ஆக வேண்டும். கன்கஷன் (அடியால் மூளை அதிர்வது) சந்தேகம் என்றாலே அன்றைக்கு ஆட்டம் இல்லை. பிறகு லேசான நடையில் தொடங்கிப் படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். தலைவலி திரும்பினால் முந்தைய படிக்கு. நடைமுறையில் சிக்கல் எங்கே என்றால், ட்ரெயினரின் சம்பளமும் பதவி நீட்டிப்பும் கோச் கையில் இருக்கும் இடங்களில். அதனால் நேர்முகத்தேர்விலேயே கேளுங்கள்: நான் யாருக்குக் கீழே? அணி மருத்துவருக்கா, கோச்சுக்கா? கோச் என்று பதில் வந்தால், சம்பளம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் அந்த வேலையை ஏற்க வேண்டாம்.