“கீழே விழுந்துட்டாங்க டாக்டர்!”

கேள்வி: காரைக்குடியில் கிளினிக் வைத்திருக்கிறேன். 76 வயது ஆச்சியை, கூட இருந்து பார்த்துக்கொள்ளும் உறவுக்காரர் அழைத்து வருகிறார். இரண்டு மாதத்தில் இரண்டாம் முறையாக, “தடுக்கி விழுந்துட்டாங்க” என்கிறார். ஆச்சியின் மேல்கை கன்றியிருக்கிறது. பிள்ளைகள் சிங்கப்பூரில். சந்தேகத்தை எப்படி உறுதி செய்வது, யாரிடம் சொல்வது?

பதில்: குற்றத்தை உறுதி செய்வது உங்கள் வேலையல்ல. பார்த்ததை எழுதி, உரிய இடத்தில் சேர்த்தால் போதும்.

முதலில் ஆச்சியிடம் தனியாகப் பேசுங்கள். “ஈசிஜி எடுக்கணும், வெளியே இருங்க” என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். எடுத்த எடுப்பிலேயே “அடிக்கிறாங்களா?” என்று கேட்காதீர்கள். “நல்லாத்தான் பாத்துக்கிறாங்க” என்றுதான் வரும். கிடைக்கிற கவனிப்பும் போய்விடுமோ, வீட்டு மானம் போகுமோ என்ற பயம். “நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க ஆச்சி? மாத்திரை யார் எடுத்துத் தர்றா? வட்டிப் பணம் யார் கைக்கு வருது? எதுலயாவது கைநாட்டு வாங்குனாங்களா?” என்று போங்கள்.

விழுந்த அடி பெரும்பாலும் முழங்கால், முன்னங்கை, கணுக்காலில் இருக்கும். முகம், கழுத்து, முதுகு, மேல்கை உள்பக்கம் கன்றியிருந்தால் யோசியுங்கள். வரிசையாகச் சின்ன வட்டத் தடங்கள் என்றால் விரல் அழுத்திப் பிடித்ததாக இருக்கலாம். ஆனால் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு லேசாகத் தட்டினாலே கன்றும். மாத்திரைப் பட்டியலைப் பாருங்கள். நிறத்தை வைத்து ‘இத்தனை நாள் பழைய காயம்’ என்று மட்டும் எழுத வேண்டாம், அது நம்பகமில்லை. அடியைவிடக் கவனிக்காமல் விடுவதே கண்ணில் படாமல் போகிறது. எடை குறைவு, படுக்கைப்புண், இன்சுலின் எழுதிக்கொடுத்தும் இறங்காத சர்க்கரை, மாதக்கடைசியிலும் பிரிக்காத மாத்திரை அட்டை எல்லாம் கணக்கில் வரும்.

காயத்தின் இடம், அளவு (செ.மீ.), ஆச்சி சொன்ன வார்த்தை, கூட வந்தவர் சொன்னது ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். சம்மதம் வாங்கி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள்.

தாக்குதல் என்று சந்தேகம் வந்தால் மருத்துவ-சட்ட வழக்காகப் பதிந்து காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அரசு மருத்துவமனைக்கு அனுப்பினாலும் இதை விடாதீர்கள். முதியோர் உதவி எண் 14567. 2007 முதியோர் பராமரிப்புச் சட்டப்படி தேவகோட்டை கோட்டாட்சியரிடம் ஆச்சியே மனுக் கொடுக்கலாம். முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்தவர் கொடுக்கலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து ஏமாந்திருந்தால், 23-ஆம் பிரிவில் அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

கூட வந்தவரை நேருக்கு நேர் கேட்டுவிடாதீர்கள்; கோபம் வீட்டில் ஆச்சி மேல்தான் திரும்பும். அன்றே திருப்பி அனுப்பப் பயமாக இருந்தால், உள்நோயாளியாகச் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள். இல்லையென்றால் ஒரு வாரத்துக்குள் மறுபடி வரச் சொல்லுங்கள். வராவிட்டால் 14567-க்குச் சொல்லி வீட்டுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.