திருவொற்றியூரும் மணலியும் சென்னை மாநகராட்சியுடன் இணைந்ததால் பெருநகரத்தின் பங்கு எவ்வாறு மாறியது?

மாற்றம் இரண்டு கட்டமாக நடந்தது என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் கேள்விக்கு விடை கிடைக்கும். 2011 அக்டோபரில் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம், அம்பத்தூர் உள்ளிட்ட உள்ளாட்சிகள் இணைக்கப்பட்டு, சுமார் 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது; வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. தெருவிளக்கு, குப்பை, சொத்து வரி ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பாயின. ஆயினும் வருவாய் நிர்வாகத்தில் திருவொற்றியூர், மணலிக்காரர்களான நாங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே நீடித்தோம். திருவொற்றியூரில் வசிப்பவர் ஆட்சியரிடம் மனு கொடுக்க, மின்சார ரயிலில் பேசின் பிரிட்ஜ் வந்து, அங்கிருந்து வேறு ரயில் பிடித்துத் திருவள்ளூர் வரை போக வேண்டியிருந்தது. ஒரு நாள் கூலி போய்விடும். 2018-இல் சென்னை மாவட்ட எல்லையும் மாநகராட்சி எல்லையோடு பொருத்தப்பட்ட பிறகு, ராஜாஜி சாலையில் உள்ள சென்னை ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரே பேருந்தில் போய்விடலாம். என் பார்வையில், வட சென்னைக்காரருக்கு இந்த இரண்டாவது சீர்திருத்தமே பெரியது.

எல்லை விரிந்த அளவுக்கு அதிகாரம் விரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்குரியவையாகப் பதினெட்டுப் பணிகளைப் பட்டியலிட்டாலும், இங்கே மழைநீர் வடிகால் மாநகராட்சியிடமும், அதே தெருவின் குடிநீரும் கழிவுநீரும் 1978-இல் உருவான குடிநீர் வாரியத்திடமும், நிலப் பயன்பாட்டுத் திட்டம் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடமும் இருக்கின்றன. வடிகாலில் கழிவுநீர் கலந்து வாசலில் தேங்கும்போது, எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதையே குடியிருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டியுள்ளது.