கொங்குப் பக்கம் வைத்து ஒரு கள்ளத்தொடர்பு, மிரட்டல், கொலை த்ரில்லரைக் குறைந்த செலவில் எடுக்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

கொலைக்கு எந்த இடம், என்ன கேமரா போதும் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். கதையைச் சொல்லிவிட்டீர்கள்: பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் வீடு, அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு தொடர்பு, அதைத் தெரிந்துகொண்டு ஒருவன் பணம் கேட்கிறான், கடைசியில் கொலை. அஞ்சு நடிகர்கள், பதினாலு நாள். சொந்தக்காரர் தோட்டத்துச் சாளை (தோட்டத்து வீடு) ஒன்றும், வாடகைக் கேமராவும், சினிமாவில் உதவியாளராக இருந்த ரெண்டு நண்பர்களும் உங்களிடம் இருப்பதாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இடத்துக்கு அப்புறம் வரலாம். பணம் எப்படிக் கைமாறுகிறது என்று உங்கள் கதையில் ஒரு வரி கூட இல்லை. கொலை ரெண்டு நாள் ஷூட்டிங். மீதி பன்னிரண்டு நாளும் மிரட்டல்தான். அந்தக் கணக்கு சரியாக வராவிட்டால் எவ்வளவு நல்ல கேமரா வைத்து எடுத்தாலும் படம் நிற்காது.

அவள் ஏன் பயப்படுகிறாள்? "கேஸ் போட்டு உள்ள தள்ளிருவேன்" என்று வசனம் எழுதியிருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள். கள்ளத்தொடர்பைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டம் 497-ஐ 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதற்கு முன்பும் அந்தப் பிரிவில் ஆணுக்கு மட்டும்தான் தண்டனை, பெண்ணுக்குக் கிடையாது. இன்றைக்கு அது விவாகரத்துக்குக் காரணமாகலாம், ஜெயிலுக்குக் காரணமாகாது. ஜெயிலுக்குப் போக வேண்டியவன் மிரட்டுகிறவன்தான். பணம் பறித்தலுக்கு, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 308, பெண்ணின் அந்தரங்கத்தைத் திருட்டுத்தனமாகப் படம் பிடித்ததற்கு 77. சட்டம் அவள் பக்கம் இருந்தும் அவள் ஸ்டேஷனுக்குப் போகவில்லை என்றால் அதற்கு வலுவான காரணம் வேண்டும்.

அந்தக் காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. அவளுடைய தம்பிக்குக் கல்யாணம் வைத்துக்கொள்ளுங்கள். கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் என்ற சடங்கு செய்ய உடன்பிறந்தவள் நிற்க வேண்டும். பங்காளி, மாமன் மச்சான், சடங்கு நடத்தி வைக்கும் அருமைக்காரர் என்று ஊரே பார்த்திருக்க அவள் அங்கே நிற்க வேண்டும், நகையோடு நிற்க வேண்டும். முகூர்த்தத்துக்கு இருபத்திரண்டு நாள் இருக்கும்போது முதல் மிரட்டல் வரட்டும். கெடு தானாக வந்துவிடும், தனியாகக் கடிகாரம் காட்ட வேண்டியதில்லை.

இனி கணக்கு. கேட்பது அஞ்சு லட்சம். முதலில் பதட்டத்தில் நாற்பதாயிரத்தைப் போனிலேயே அனுப்பிவிடுகிறாள். அது பின்னால் போலீஸுக்குக் கிடைக்கும் முதல் துப்பு. அடுத்த தவணைக்கு எட்டுப் பவுன் ஆரத்தை அடகு வைக்கிறாள். பெரிய நகைக்கடன் நிறுவனத்துக்கு அவளை அனுப்பாதீர்கள். கடன் இருபதாயிரத்துக்கு மேல் போனால் ரொக்கமாகக் கையில் தரமாட்டார்கள், வங்கிக் கணக்கில்தான் ஏறும், அது புருஷன் போனில் குறுஞ்செய்தியாக வந்து விழும். தெரியாத ஊரில் ஒரு சின்ன அடகுக்கடைதான் அவளுக்கு வழி. ஆரத்துக்குப் பதில் கழுத்தில் கவரிங். இணைச்சீர் அன்றைக்கு அதை நாத்தனார் தொட்டுப் பார்ப்பாளே என்ற பயம் ஒன்று போதும், இடைவேளை வரை படம் நகரும்.

பணத்தைத் திரையில் காட்டும்போது கவனம். அஞ்சு லட்சம் என்றால் ஐந்நூறு ரூபாய்க் கட்டு பத்து, எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஒரு மஞ்சப்பையில் அடங்கிவிடும், சூட்கேஸ் எதற்கு? 2023 மே மாதத்தில் ரெண்டாயிரம் ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டார்கள், அதனால் கதை எந்த வருஷத்தில் நடக்கிறது என்பதும் முக்கியம். நோட்டு மாதிரி அச்சடிக்கவே கூடாது, அது குற்றம். கட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று நிஜ நோட்டு வைத்து, நடுவில் அதே அளவுக்கு வெட்டிய வெள்ளைத் தாளை அடுக்கி ரப்பர் பேண்ட் போடுங்கள். பக்கவாட்டில் குளோசப் வேண்டாம்.

மிரட்டுகிறவன் யார்? கேமரா மாட்டிக் கொடுத்தவனை வைத்துக்கொள்ளுங்கள். பண்ணைகளில் இப்போது சிசிடிவி சர்வ சாதாரணம். மாட்டியவன் கொடுத்த பாஸ்வேர்டைப் பலர் மாற்றுவதே இல்லை, அவன் தன் கடையில் உட்கார்ந்தபடியே போனில் எல்லாவற்றையும் பார்க்கலாம். இதில் இன்னொரு கெடுவும் கிடைக்கிறது. நாலு கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு 86 ஜிபி ஆகும். 1 டிபி டிஸ்க் பதினோரு, பன்னிரண்டு நாளில் நிரம்பி, பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதும். அழித்த பதிவைப் பல சமயம் மீட்கலாம், மேலே எழுதப்பட்டதை மீட்பது நடக்காது. போலீஸ் பத்தாம் நாள் வருகிறதா, பதிமூன்றாம் நாள் வருகிறதா என்பதில்தான் கிளைமாக்ஸ்.

அந்தப் பதிவை நீங்களே உருவாக்கும்போது செய்யும் தப்பு, நல்ல கேமராவில் எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கி ஓரத்தில் தேதி போடுவது. இரவில் இன்ஃப்ராரெட் படம் அப்படி இருக்காது. லென்ஸ் பக்கத்துச் சிலந்தி வலை வெள்ளைக் கயிறு மாதிரித் தெரியும், பூச்சி பறந்தால் கோடு கோடாக ஓடும், பைக் ஹெட்லைட் வந்தால் நம்பர் பிளேட் வெளுத்துப்போகும். கறுப்புச் சேலையில் சில ரகம் அந்த வெளிச்சத்தில் வெளிர் நிறமாகத் தெரியும். "கறுப்புச் சேலைதானே கட்டியிருந்தா" என்ற சாட்சியும் பதிவும் முட்டிக்கொள்வதற்கு இது ஒன்றே போதும். நிஜ சிசிடிவி கேமரா ஒன்றை மாட்டி அதிலேயே எடுங்கள், செலவு குறைவு.

பேச்சுக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் சூடாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கொங்குத் தமிழைக் காமெடிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, டப்பிங்கில் வாக்கியத்துக்கு ஒரு "ங்" ஒட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்த மரியாதைதான் மிரட்டலை எவ்வளவு பயங்கரமாக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. கத்துகிற வில்லனை விட இந்தக் குரல் எவ்வளவு கனமாக இருக்கிறது, பாருங்கள்:

"ஏனுங்க்கா, தம்பி கல்யாணத்துக்குச் சீலையெல்லாம் எடுத்தாச்சுங்களா? இணைச்சீருக்கு நீங்கதானுங்க நிக்கோணும். அதுக்குள்ள நம்ம கணக்க முடிச்சுக்கலாமுங்க."

அதே மரியாதையைத் துப்பாகவும் வைக்கலாம், காசு செலவில்லை. கள்ளக்காதலன் கோழிக் கம்பெனி சூப்பர்வைசர் என்று வையுங்கள். வாரம் ஒரு தடவை குஞ்சு எடை பார்க்க வருகிறவன், எல்லார் எதிரிலும் "அக்கா, தண்ணி குடுங்க" என்பான். படத்தின் பாதியில் ஒரு நாள் திண்ணையில் புருஷன் தீவன பில் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கவனப் பிசகாக "தண்ணி குடு" என்றுவிடட்டும். ஒரே ஒரு "ங்க" குறைகிறது. புருஷன் தலை நிமிரக் கூட வேண்டாம், பில்லைப் புரட்டுகிற விரல் நின்றால் போதும். கோயமுத்தூரிலிருந்து தாராபுரம் வரைக்கும் தியேட்டரில் ஒருத்தர் விடாமல் பிடித்துக்கொள்வார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரிய, முதல் பாதியில் மூன்று தடவையாவது அந்தக் "குடுங்க" காதில் விழ வேண்டும்.

கொலைப் பகுதி. யாருக்கும் கொலை செய்யச் சொல்லித் தருகிறேன் என்று கமெண்டில் வர வேண்டாம். கீழே சொல்வது முழுக்க மாட்டிக்கொள்வதற்கான விவரம். ராத்திரி ஒன்பதுக்குக் கொலை, காலை எட்டுக்குப் பிணம் கிடைக்கிறது என்றால் இடையில் பதினோரு மணி நேரம். உடல் விறைத்திருக்கும். விறைப்பு தாடையில் தொடங்கி உடம்பு முழுக்கப் பரவப் பன்னிரண்டு மணி நேரம் வரை எடுக்கும், நம் வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். தூக்கும்போது கை தொங்கி ஆடினால் தப்பு, கட்டை மாதிரி வர வேண்டும். மல்லாந்து கிடந்தவனுக்கு ரத்தம் முதுகுப் பக்கம் இறங்கி ஊதா நிறம் காட்டும், தரையில் அழுந்திய தோள்பட்டை மட்டும் வெளுத்திருக்கும். குப்புறக் கிடந்த பிணத்தின் முதுகில் அந்த ஊதா தெரிந்தால் யாரோ புரட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மேக்கப்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

பிணமாக நடிப்பவரின் கழுத்து நரம்பு துடிப்பது குளோசப்பில் தெரியும். தலையைக் கேமராவுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து, மூச்சை விட்ட பிறகு ஆறு நொடி எடுத்து, நாலு நொடி பயன்படுத்துங்கள். ரத்தத்துக்கு பேக்கரிக் கடையில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸ் அரைக் கிலோ, தண்ணீர் நூறு மில்லி, சிவப்பு ஃபுட் கலர் ரெண்டு டீஸ்பூன், கோகோ பவுடர் ஒரு டீஸ்பூன், நீலம் ஒரே சொட்டு. நீலம் கூடினால் நாவற்பழச் சாறு ஆகிவிடும். இது சர்க்கரைப் பாகு என்பதை மறக்காதீர்கள். பத்தே நிமிஷத்தில் எறும்பு வரும், பிணம் துள்ளும். சுற்றிலும் எறும்புச் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு எடுங்கள். கழுவிய தரையில் ஓடும் நீருக்கு இவ்வளவு வேண்டாம், மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தித் தண்ணீரே தூரத்து ஷாட்டில் ரத்தம் மாதிரித் தெரியும். நடிகர் கண்ணுக்குள் மட்டும் போகக் கூடாது.

2024 ஜூலை 1-க்குப் பிறகு நடக்கும் கதையில் எஃப்ஐஆரில் பழைய சட்டத்தின் 302 வராது, கொலைக்குப் புதிய சட்டத்தில் 103. பழக்கத்தில் ஏட்டய்யா வாயில் "முன்னூத்திரெண்டு" வரலாம், காகிதத்தில் வரக் கூடாது.

கேமராவுக்கு நீங்கள் கவலைப்படுகிற அளவு தேவையில்லை. சோனி எஃப்எக்ஸ் 3 வாடகைக்குக் கிடைத்தால், அதன் ரெண்டாவது அடிப்படை ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை வாங்கும் திறன்) 12,800, கொட்டகையில் தொங்கும் ஒன்பது வாட் பல்பே பாதி வேலையைச் செய்துவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 24 பிரேமில் எடுத்தாலும் ஷட்டரை 1/50-ல் வையுங்கள், 1/48-ல் விட்டால் பழைய டியூப்லைட் அலை அலையாக ஓடலாம். மலிவு எல்இடி பல்பு எப்படி வைத்தாலும் துடிக்கும், முதல் நாளே ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பாருங்கள்.

சத்தம்தான் கஷ்டம். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் அடிக்கிற அடிக்கு வெளியில் லைவ் சவுண்டு நடக்காது, மைக்குக்கு எத்தனை ரோமக் குல்லா போட்டாலும் சரி. மார்கழியில் போங்கள். பக்கத்தில் தறிக் குடோன் இருந்தால் பேசும் காட்சியில் நிறுத்தச் சொல்லி, நடிகர்களை மட்டும் தறி ஓடுவது மாதிரிக் கத்திப் பேச வையுங்கள். தறிச் சத்தத்தைப் பத்தடி, ஐம்பதடி, இருநூறடியிலிருந்து தனித்தனியாக ரெண்டு நிமிஷம் பதிவு செய்துகொள்ளுங்கள். அலறலைத் தறிச் சத்தம் மூடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போகிறது என்று ஒரு காட்சி வைத்துப் பாருங்கள். அத்தனை தறியும் ஒரே நொடியில் நின்றுவிடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். தோட்டத்து இலவச மின்சாரம் பம்புசெட்டுக்கு மட்டும். கோபி, சத்தி, பொள்ளாச்சிப் பக்கம் வரும் யூனிட்டுகளில் சில, பெரிய லைட்டுகளை அந்த லைனில் போட்டுவிட்டுப் போய்விடுகின்றன. பிடிபட்டால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-ன் கீழ் ரெண்டு மடங்கு கட்டணம் விவசாயி தலையில் விழும். வீடு கொடுத்து, மோர் கொடுத்து, வாசலில் கட்டில் போட்டுக் கொடுத்த மனுஷனுக்குச் செய்கிற காரியமா இது? சின்ன ஜெனரேட்டர் எடுங்கள், இருநூறடி தள்ளி வையுங்கள்.

சென்சார்: 2024 முதல் யுஏ 7+, 13+, 16+ என்று பிரித்துவிட்டார்கள். ஏ சான்றிதழ் வாங்கிய படத்தை அப்படியே டிவியில் போட முடியாது, சேட்டிலைட் உரிமையில் வரும் காசை நம்பினால் 16+ தாண்டாமல் எழுதுங்கள். தொடர்பைக் காட்ட படுக்கையறை தேவையில்லை, அந்த "தண்ணி குடு" போதும். படத்தில் ஆடு, மாடு, நாய், கோழி எது வந்தாலும் விலங்குகள் நல வாரியத்திடம் முன்அனுமதியும், முடிந்தபின் தடையில்லாச் சான்றும் வேண்டும். தோட்டத்தில் எடுப்பவர்கள் கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்வது இதில்தான்.

அதனால்தான் கொலைக்கு இடமாகக் காலிக் கொட்டகையைச் சொல்கிறேன். கறிக்கோழி ஒரு பேட்ச் ஆறு வாரத்தில் முடியும். கோழி பிடித்த பிறகு தரையில் பரப்பியிருந்த தென்னை நார்க் கழிவை வாரி, கழுவி, சுண்ணாம்பு அடித்து, அடுத்த குஞ்சு வரும் வரை பத்துப் பதினைந்து நாள் காலியாகக் கிடக்கும். இருநூறடி நீளம், வெள்ளைத் தரை, ரெண்டு பக்கமும் கம்பி வலை, காற்றில் அடித்துக்கொள்ளும் படுதா. ஒரு கோழி கூட இல்லை, அனுமதிப் பிரச்சினையும் இல்லை. பச்சைச் சுண்ணாம்பு நடிகர் தோலை அரிக்கும், படுக்கும் இடத்தில் ஷீட் விரித்து அதன் மேல் வெள்ளைப் பெயிண்ட் அடியுங்கள். ஃபார்மலின் தெளித்திருந்தால் கண் எரியும், ரெண்டு நாள் படுதாவைத் தூக்கிவிட்டுக் காற்றாட விட்ட பிறகே உள்ளே போங்கள். பண்ணைக்காரரிடம் இன்றைக்கே கேளுங்கள், குஞ்சு விட்டு எத்தனை நாள் ஆச்சு என்று. அதை வைத்து ஷெட்யூல் போடுங்கள்.