வாசனை மெழுகுவர்த்தி வீட்ல செய்ய எதை வாங்கறது, எதை விடறது? கேள்வி-பதில்

கேள்வி: முதல் தடவை செய்யப் போறேன். எல்லாம் சேர்ந்த கிட்டா வாங்கிடலாமா, இல்ல தனித்தனியா வாங்கறதா?

பதில்: கிட் பார்க்க ஆசையாதான் இருக்கும், டப்பா டப்பாவா கலர், ஸ்டிக்கர், ரிப்பன்னு. ஆனா நிறைய கிட்ல தராசும் தெர்மாமீட்டரும் இருக்காது, நமக்கு முதல்ல வேணுங்கறதே அது ரெண்டும்தான். மெழுகு, திரி, வாசனை எண்ணெய், கிராம் காட்டற சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு தெர்மாமீட்டர், இது போதும் ஆரம்பிக்க. கலர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

கேள்வி: சோயா வேக்ஸ்னா (சோயா எண்ணெயிலேருந்து வர்ற மெழுகு) புகையே வராது, பாரஃபின்னா (பெட்ரோலியத்துலேருந்து வர்ற மெழுகு) கரி வரும்னு விக்கறவங்க சொல்றாங்களே, நிஜமா?

பதில்: எந்த மெழுகா இருந்தாலும் திரி நீளமா இருந்தா, காத்து பட்டு சுடர் ஆடினா கரி வரத்தான் செய்யும். ஏத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் திரியை அஞ்சாறு மில்லிமீட்டர் விட்டு கத்தரிச்சா பாதி புகை அங்கயே நின்னுடும். சோயா சுமார் 50 டிகிரி செல்சியஸ்லயே உருகற மெத்து மெழுகு, அதனால கண்ணாடி கிளாஸ்ல ஊத்த நல்லது. தேன்மெழுகு 62-64 டிகிரி வரை தாங்கும், ஆனா அதுக்கே ஒரு வாசனை இருக்கறதால நீங்க சேர்க்கற மென்மையான வாசனை அமுங்கிடும். வாங்கும்போது ரெண்டு விஷயம் கேளுங்க: முழு சோயாவா கலப்பா, கிளாஸ்ல ஊத்தறதா இல்ல தனியா நிக்கற தூண் மெழுகுவர்த்திக்கானதா. லேபிள்ல பெருசா சோயான்னு போட்டு உள்ள கலப்பு இருக்கறதும் உண்டு, கலப்பு தப்பில்ல, சொல்லாம விக்கறதுதான் தப்பு.

கேள்வி: எண்ணெய் நிறைய ஊத்தியும் ஏத்தினா வாசனையே வரல. இன்னும் காஸ்ட்லியான எண்ணெய் வாங்கணுமா?

பதில்: தயவுசெஞ்சு வாங்காதீங்க, முதல்ல திரியைப் பாருங்க! இந்த விஷயத்துல நிறைய பேர் வீணா காசு விடறாங்க. சுடரைச் சுத்தி உருகி நிக்குதே அந்த மெழுகுக் குளம், அதுலேருந்துதான் வாசனை கிளம்பும். திரி சின்னதா இருந்தா நடுவுல மட்டும் குழி விழுந்து ஓரத்துல மெழுகு சுவர் மாதிரி அப்படியே நின்னுடும், குளமே இல்லாதப்ப வாசனை எங்கேருந்து வரும்? பெருசா இருந்தா சுடர் எகிறும், திரி நுனியில காளான் மாதிரி கரி கட்டும், கிளாஸ் கொதிக்கும். அதனால கிளாஸோட உள் விட்டத்தை ஸ்கேல் வச்சு அளந்துட்டு, கடைக்காரர் சார்ட்ல அதுக்கு சொல்ற சைஸும் அதுக்கு முன்ன பின்ன ஒவ்வொண்ணும் வாங்கி ஒரே மெழுகுல ஏத்திப் பாருங்க.

எண்ணெய் அளவு எப்பவும் எடையிலதான், மில்லியில இல்ல. 200 மில்லி பிடிக்கற அளவுக்கு ஊத்தினா மெழுகு 170-180 கிராம் ஆகும், அதுக்கு 8 சதவீதம்னா 14 கிராம் எண்ணெய். அந்த மெழுகு எவ்வளவு தாங்கும்னு பாக்கெட்ல போட்டிருக்கும், அதைத் தாண்டினா மேல எண்ணெய் வேர்த்து நிக்கும், திரியும் அடைச்சுக்கும். சோயான்னா ஊத்தினதும் ஏத்தாம ஒரு வாரம், ரெண்டு வாரம் மூடி வைங்க, வாசனை நல்லா ஏறும். முதல் தடவை ஏத்தும்போது குளம் ஓரம் வரைக்கும் எட்டற வரை எரிய விடுங்க, ஆனா நாலு மணி நேரத்துக்கு மேல வேணாம்.

கேள்வி: வீட்ல இருக்கற பெர்ஃப்யூம், க்ரேயான், பழைய ஒயின் கிளாஸ் எல்லாம் யூஸ் பண்ணலாமா?

பதில்: மூணும் வேணாம். பெர்ஃப்யூம்ல ஆல்கஹால் இருக்கு, மெழுகோட சேராது, சூட்டுல குப்புனு பத்திக்கும். க்ரேயான் கலர் திரியை அடைச்சுடும். மெல்லிசு கிளாஸ் சூட்டுல விரிசல் விட்டு உடையும், கனமான, சூடு தாங்கற கிளாஸா எடுங்க. எசென்ஷியல் ஆயில், அதாவது செடி கொடியிலேருந்து எடுக்கற வாசனை எண்ணெய், போடலாம், ஆனா ஆரஞ்சு, எலுமிச்சை மாதிரி வாசனை சீக்கிரம் பறந்துடும், வீட்ல பூனை இருந்தா டீ ட்ரீ ஆயில் பக்கமே போகாதீங்க.

மெழுகை நேரா அடுப்புல வைக்காம கொதிக்கற தண்ணிக்குள்ள இன்னொரு பாத்திரம் வச்சு உருக்குங்க, பக்கத்துலயே நில்லுங்க. தப்பித்தவறி தீ பிடிச்சா தண்ணி ஊத்தவே கூடாது, அடுப்பை அணைச்சு தட்டு போட்டு மூடிடுங்க. மிச்ச மெழுகை சிங்க்ல ஊத்தினா குழாய் அடைச்சுக்கும், பேப்பரால துடைச்சு குப்பையில போடுங்க.

கேள்வி: ஆறினதும் மேல வெள்ளை வெள்ளையா பூத்திருக்கு. மெழுகு மட்டமா, திருப்பி அனுப்பலாமா?

பதில்: அது சோயாவோட இயல்பு, எரியறதுக்கும் வாசனைக்கும் ஒண்ணும் ஆகாது, அதுக்காக திருப்ப வேணாம். ஆனா திரி பாக்கெட்ல சைஸே போடலைன்னாலோ, மெழுகுல எத்தனை டிகிரியில எண்ணெய் சேர்க்கணும், எத்தனை டிகிரியில ஊத்தணும்னு எந்த விவரமும் இல்லைன்னாலோ கேளுங்க, பதில் வரலைன்னா தயங்காம திருப்பிடுங்க.