குறுக்கு எங்கிருந்து வந்தது?

வணக்கம் ஐயா. நான் கொழும்பு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத்தெருவில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறேன். 'குறுக்கு' தமிழே இல்லை, வெள்ளைக்காரனின் 'கிராஸ்'தான் அப்படி ஆகிவிட்டது என்கிறார் எங்கள் முதலாளி. கடை பில் புத்தகத்திலும் 'குருக்குத்தெரு' என்றுதான் இருக்கிறது. அப்படியானால் எங்கள் அம்மம்மா கோபத்தில் 'குறுக்கால போவான்' என்று ஏசுவாவே, அதுவும் இங்கிலீசா?

அன்புள்ள தம்பி,

அம்மம்மா ஏசியது நல்ல தமிழில்தான். தெருவின் பெயர் ஆங்கிலப் பெயரைப் பார்த்து வைத்ததாகவே இருக்கட்டும், சொல் அப்படி வந்ததல்ல. பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், சிலுவைக்குச் சொன்ன 'குரூஸ்' தமிழில் 'குருசு' ஆனது. தேவாலயங்களில் இன்றும் அந்தச் சொல் உண்டு. அதில் வருவது சின்ன ர. குறுக்கில் வருவது பெரிய ற. இரண்டும் வேறு வேறு குடும்பம்.

குறுக்கின் குடும்பம் குறுமை: குறுகு, குறுக்கு, குறுக்கம், குறள். பறங்கியர் கொழும்புக்கு வந்தது 1505இல். அதற்குப் பல நூற்றாண்டு முந்திய தொல்காப்பியம் 'அரையளபு குறுகல் மகரம் உடைத்தே' என்கிறது. மகர எழுத்தின் ஒலி குறைவதை நாம் பள்ளியில் மகரக்குறுக்கம் என்று படித்தோமே, அதுதான்.

சரி, 'சிறிதாதல்' எப்படித் திசையானது? உங்கள் கடை மேசையைப் பாருங்கள். புடவைச்சுருளை உருட்டி விரிக்கிறீர்கள். அது நீளப்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கத்தரிக்கோல் போவது இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு. அதுதான் துணியின் சிறிய பக்கம், அதுதான் குறுக்கு. நீண்டு ஓடும் பக்கம் நெடுக்கு. நெடுமையிலிருந்து நெடுக்கு, குறுமையிலிருந்து குறுக்கு. 'குறுக்கும் நெடுக்கும்' என்று நாம் சேர்த்தே சொல்வது அதனால்தான். மலையாளத்திலும் 'நெடுகெ', 'குறுகெ' என்று இதே சோடி இருக்கிறது. ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போடுகிறோம், தெருவுக்குக் குறுக்கே பூனை ஓடுகிறது. எல்லாம் அகலப்பாட்டில், கிட்டின வழியில். 'குறுக்குவழி' என்ற சொல்லில் குறுமையும் திசையும் இன்னும் பிரியாமலே இருக்கின்றன.

புறக்கோட்டையிலும் இதைக் காலால் நடந்தே பார்க்கலாம். பிரதான வீதியும் கெய்சர் வீதியும் மலிபன் வீதியும் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஐந்து குறுக்குத்தெருக்களும் அவற்றை வெட்டிக்கொண்டு போகின்றன. மூட்டை ஏற்றிய வண்டியைச் சுமை தூக்கும் நாட்டாமி ஒருவர் கெய்சர் வீதியிலிருந்து உங்கள் தெருவுக்குள் திருப்புகிறாரே, அந்தத் திருப்பத்தில் நெடுக்கு முடிந்து குறுக்கு தொடங்குகிறது.

இனி அம்மம்மாவின் ஏச்சு. நேர்வழியில் போகாதவன் என்று அதற்குப் பொருள் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. நம் பேச்சில் 'நெடுக' என்றால் என்ன? 'அவர் நெடுக இஞ்சதான் நிற்கிறவர்' என்றால் எப்போதும் இங்கேதான் நிற்பார் என்று பொருள். துணியை அளந்த சொல் அங்கே காலத்தை அளக்கிறது. அப்படியானால் குறுக்கால போவது ஆயுள் முடியாமல் பாதியில் போவது. என் காதுக்கு அது அப்படித்தான் கேட்கிறது. கடுமையான சொல்தான். ஆனாலும் எங்கள் வீட்டில் அந்த ஏச்சு விழுந்த கையோடு 'சாப்பிட்டியாடா?' என்ற கேள்வியும் வரும். உங்கள் அம்மம்மாவும் அப்படித்தான் இருந்திருப்பா.

முதலாளியிடம் பணிவாக ஒன்று சொல்லுங்கள். அடுத்த முறை பில் புத்தகம் அடிக்கக் கொடுக்கும்போது பெரிய ற போடச் சொல்லுங்கள். அச்சகத்தில் ப்ரூஃப் தரும்போது நீங்களே ஒருதரம் பார்த்துவிடுங்கள்.